மூன்று கால் வெள்ளைக் குதிரை

அத்தியாயம் 7

காலையில் எழும்பும்போது றஜிந்தனின் கன்னம் கொழுக்கட்டை அளவில் வீங்கியிருந்தது. சாவகச்சேரிச் சந்தைக்கு எதிரே, சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் வினோஜா துப்பறியும் நிலையத்தின் படிகளை ஏறி முடிப்பதற்குள் அது பேக்கரிப் பணிஸ் அளவுக்கு வந்துவிட்டது.

"டேய், உன்ரை கன்னம் ஏன் பொங்கினது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் அதட்டியது.

அதட்டியவர் எண்பத்தைந்து வயது வெள்ளைக்காரி. பெயர் ட்ரூடி. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஆறு வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர். அவருடைய தமிழும் அந்த ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. ஆகவே உலகத்தில் எல்லோரையும் "நீ" என்பார். பிடிக்காததை யாராவது சொன்னால் "உன்னோடை கோவம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதோடு ஆயுள் முழுக்க மெல்பேர்ண் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியவர். தடாகத்தின் மறுகரைக்குக் கேட்கிற மாதிரிப் பேசித்தான் பழக்கம்.

"பல்லுக்கொதி அம்மா," என்றான் றஜிந்தன்.

"பிடுங்கு."

"பிடுங்கினால் நோகுமே."

"இப்ப நோகேல்லையோ?"

அவன் கதிரையில் உட்கார்ந்தான். முப்பத்துநாலு வயதாகியும் ஊசியைக் கண்டால் அவனுக்குக் கால் கூசும். அந்த நிலையத்தின் ஒரே உதவியாளன் அவன்தான். வான் ஓட்டுவது, படம் எடுப்பது, யாரும் கேட்காத பகிடிகளைச் சொல்வது எல்லாம் அவன் பொறுப்பு. வழக்கமாக அவர்களுக்கு வருவது கலியாண விசாரணைகள்தான். லண்டனில் எஞ்சினியர் என்று சொன்ன மாப்பிள்ளை மெய்யாகவே எஞ்சினியரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கிழமை வந்திருந்ததோ ஒரு குதிரையைத் தேடும் வழக்கு. அது வெள்ளைக் குதிரை. மொத்தம் மூன்றே கால். மூன்றும் வானத்தைப் பார்த்தபடி நிற்குமாம்.

"நான் நடுவிலை இருப்பன். ஒரு காலைப் பிடிச்சுக்கொண்டு ஆடுவன்," என்று ட்ரூடி அன்றைக்கும் சொன்னார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்த டேனியல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ட்ரூடியின் தம்பி மகன். ஐம்பது வயது, வெள்ளைக் காற்சட்டை, தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. கெட்டவன் என்றால் றஜிந்தனுக்கு அவனை வெறுக்க வசதியாக இருந்திருக்கும். பாவி நல்லவனாகப் போய்விட்டான்.

"பாருங்கள், வினோஜா," என்று அவன் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னான். "அன்ரிக்கு வயதாகிவிட்டது. வீட்டில் அடுப்பை அணைக்க மறக்கிறார். இந்தக் குதிரைக் கதையை நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம். குதிரை கிடைத்தால் அவர் தன் வீட்டிலேயே இருக்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துக்கு ஒரு வார்த்தை பேசாமல் வருவார். இன்றைக்குப் பின்னேரம் எங்களுக்குக் கொழும்பு ரயில்."

ட்ரூடி சன்னலைப் பார்த்தார். அதைப் பார்க்க றஜிந்தனுக்குப் பல்லைவிட நெஞ்சு அதிகமாக நொந்தது.

நிலையத்தின் சொந்தக்காரி வினோஜா கதிரையில் இல்லாமல் மேசையில் இருந்து பழகியவள். நாற்பது வயது, கட்டைத் தலைமயிர். ஒருவர் சொல்வதைவிட, சொல்லாமல் விட்டதைத்தான் அவள் காது முதலில் பிடிக்கும். வழக்கின் அடிப்படை அவளுக்கு மனப்பாடம். ட்ரூடியின் தகப்பன் எமில், வியன்னாவில் பல் வைத்தியர். யூதர். ஒரே இரவில் யூதர்களின் கடையையும் கோயிலையும் வீட்டையும் ஹிட்லரின் ஆட்கள் அடித்து நொறுக்கியபோது அவருடைய கிளினிக்கும் போனது. மனைவியோடு கப்பலேறி இலங்கையில் இறங்கினார். ஹிட்லர் துரத்திய மனிதரை, ஹிட்லரின் நாட்டுக்காரன் என்று வெள்ளைக்கார அரசாங்கம் தியத்தலாவை முகாமில் பூட்டியது. பிறகு பிழை விளங்கித் திறந்துவிட்டது. ஆனால் வியன்னாப் பட்டம் இங்கே செல்லாது, பல்லில் கைவைக்கக் கூடாது, பெயர்ப்பலகை போடவே கூடாது என்று சொல்லிவிட்டது. யாழ்ப்பாணத்தில் எங்கேயோ சில வருடம் இருந்தார். யுத்தம் முடிந்ததும் மெல்பேர்ணுக்குப் போய்ச் சப்பாத்துத் தொழிற்சாலையில் சேர்ந்தார். பழைய கதை எதையும் வாய் திறந்து சொல்லாமலே செத்துப்போனார்.

அந்த "எங்கேயோ"வைத் தேடித்தான் முதலில் தங்கள் பகுதியான தென்மராட்சி முழுக்க அலைந்தார்கள். ஒரு கோயிலில் வெள்ளைக் குதிரை வாகனம்கூட இருந்தது. ட்ரூடி அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நாலு கால். இது குதிரை இல்லை," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அம்மா," என்றாள் வினோஜா. "குதிரையை விடுங்கோ. உங்கடை அம்மா உங்களை எதுக்கு ஏசுவா?"

"சொக்ஸ்!" என்றார் ட்ரூடி உடனே. "வெள்ளைச் சொக்ஸ் போட்டு விளையாடப் போவன். சிவப்பாய்த் திரும்பி வரும். அம்மா தோய்ச்சு தோய்ச்சு அழுவா."

வினோஜா மேசையிலிருந்து குதித்தாள். "றஜி, எங்கடை தென்மராட்சியிலை எந்த நிற மண்?"

"வெள்ளை மணல்."

"சிவப்பு எங்கை?"

"வலிகாமம். அக்கா, அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் பிழையான பக்கத்திலை குதிரை தேடினமோ? நான் வேறை ஒவ்வொரு வளவாய்ப் போய்க் கேட்டு மானங்கெட்டனே!"

"உனக்கு அது புதுசே? அம்மா, இன்னொண்டு. குதிரையிலை ஒவ்வொரு நாளும் ஏறுவியளோ?"

"இல்லை. பப்பா விடமாட்டார். காக்கிச் சட்டை மாமா சைக்கிளிலை வந்தால் மட்டும்தான். பப்பா உள்ளையிருந்து ஓடி வந்து என்னைத் தூக்கி மேலை வைப்பார். 'ஆடு, சிரி, ஆடு' எண்டுவார். மாமா போனாப் பிறகு இறக்கி விடுவார்."

மொழிபெயர்ப்பைக் கேட்ட டேனியல், 'பார்த்தீர்களா?' என்பதுபோலக் கைகளை விரித்தான். வினோஜா அவனைப் பார்க்கவில்லை. அவளுடைய இடது புருவம் மேலே போனது. ஏதோ பிடிபட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். கேட்டால் சொல்லமாட்டாள். றஜிந்தன் கேட்டான். அவள் சொல்லவில்லை.

வான் கைதடியால் திரும்பிக் கோப்பாயைத் தாண்டியது. தெருவின் இரண்டு பக்கமும் மண் சிவந்தது. ட்ரூடி சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "சொக்ஸ்! சொக்ஸ்!" என்று கத்தினார். வெங்காயம் கிண்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, விற்க வந்திருக்கிறார்களாக்கும் என்று மறுபடி குனிந்தார்கள்.

உரும்பிராய்ச் சந்திக்கு வந்ததும் றஜிந்தன் வானை நிற்பாட்டினான். ஸ்ரேறிங்கில் தலையை வைத்தான்.

"அக்கா, இனி ஏலாது. ஒண்டு என்னைக் கொல்லுங்கோ, இல்லாட்டில் பல்லைக் கொல்லுங்கோ."

"பல்லு மலிவு," என்றாள் வினோஜா. சந்தியிலேயே ஒரு பல் வைத்தியசாலை இருந்தது.

உள்ளே நடந்ததை அவன் பிற்காலத்தில் வீரக்கதையாகச் சொல்வான். உண்மை என்னவென்றால், ஊசியைக் கண்டதும் கதிரையை விட்டு இறங்கப் பார்த்தான். ட்ரூடி இரண்டு தோளையும் பிடித்து அமத்தினார். நீச்சல் பழக்கிய கை, விலகவில்லை. "வாயைத் திற! மூச்சை விடு! ஒண்டு, ரெண்டு!" என்று அவர் கத்த, பயந்துபோன டொக்டர் 'மூன்று' வருவதற்கு முன்னே பல்லைப் பிடுங்கிவிட்டார்.

"மேல்வாய்க் கடைவாய்ப் பல்லு," என்று டொக்டர் அதைத் தட்டில் போட்டார். பிறகு றஜிந்தனின் வாய்க்குள் ஒரு பெரிய பஞ்சுருண்டையை வைத்தார். "கடிச்சுக்கொண்டிருங்கோ. ஒரு மணித்தியாலம் கதைக்கக் கூடாது."

இந்தத் தண்டனை ஊசியைவிடக் கொடியது. அவன் வினோஜாவிடம் முறையிடத் திரும்பினான். அவளோ தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு விரலால் பல்லை எடுத்து உள்ளங்கையில் தலைகீழாக நிறுத்தினாள். வேர்கள் மேலே நின்றன. மூன்று வேர்கள்.

"றஜி," என்றாள் மெல்ல. "உன்ரை வாய்க்குள்ளை குதிரை இருந்திருக்கு."

அவன் "ம்ம்ம்?" என்றான்.

"மூண்டு கால். மூண்டும் வானத்தைப் பார்த்தபடி. மேல்வாய்ப் பல்லுக்கு வேர் மேலைதானே இருக்கும்? வியன்னா டொக்குத்தர் சரியாய்த்தான் நிறுத்தியிருக்கிறார். பெயர்ப்பலகை போடக் கூடாது எண்டு சட்டம். எழுத்தில்லாமல் ஒரு பெயர்ப்பலகை செய்விச்சு வாசலிலை வைச்சிருக்கிறார். ஆளுயரப் பல்லு. நோக்காட்டுக்காரனுக்குப் பார்த்த உடனை விளங்கும். பொலிஸ்காரன் வந்து 'உதென்ன?' எண்டு கேட்டால்?"

றஜிந்தனின் கண்கள் விரிந்தன. பிள்ளையைத் தூக்கி மேலே வைத்து ஆடச் சொன்னால், அது பிள்ளையின் விளையாட்டுக் குதிரை. அவ்வளவுதான். உலகத்தின் மிகச் சிறந்த பகிடி ஒன்று அவனுடைய தொண்டை வரை வந்தது. பஞ்சு விடவில்லை.

வினோஜா தாதியின் பக்கம் திரும்பினாள். "மிஸ்ஸி, உங்கை பல்லுக்கொதிக்கு நேர்த்தி வைக்கிற கோயில் ஏதும் இருக்கோ?"

"இருக்காமல்? பல்லு வைரவர்! தோட்ட வெளிப் பக்கம், மருதமரத்தடியிலை. எங்கடை ஆக்கள் முதல் அங்கை வடைமாலை சாத்திப்போட்டுத்தான் இஞ்சை வருவினம். கொதி மாறினால் வைரவராலை. மாறாட்டில் எங்களாலை."

"வேறை வருத்தத்துக்கு உவரிட்டைப் போறேல்லையோ?"

"காய்ச்சல், தலையிடிக்கெல்லாம் ஒருத்தரும் போகாயினம். பல்லுக்கு மட்டும்தான். ஏனெண்டு தெரியாது."

வினோஜாவுக்குத் தெரிந்துவிட்டது. டொக்குத்தரை ஊர் மறந்தாலும், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வாசலுக்குப் போகிற பழக்கத்தை ஊர் மறக்கவில்லை.

மருதமரத்தடியில் தகரக் கூரை போட்ட சின்னக் கோயில். உள்ளே சிவப்புப் பட்டு உடுத்து, சந்தனம் பூசி, கழுத்து நிறைய வடைமாலையோடு நின்றார் வைரவர். ஊரில் எல்லா இடத்திலும் போலச் சூல வடிவம்தான். ஆனால் கல்லுச் சூலம், மூன்று முனையும் நல்ல தடிப்பு. வாசலில் இருந்து நாரில் வடை கோத்துக்கொண்டிருந்தவர் கோயில் முகாமைக்காரர் கனகரத்தினம். எழுபதைத் தாண்டியவர், நெற்றி நிறையத் திருநீறு.

ட்ரூடி வானிலிருந்து இறங்கினார். நின்றார். பிறகு மரத்திலிருந்த காகமெல்லாம் எழும்பிப் பறக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"குதிரை!"

கனகரத்தினம் திடுக்கிட்டு எழும்பினார். "ஆர் பிள்ளை உவ? வைரவருக்கு வாகனம் நாய். குதிரை வேணுமெண்டால் ஐயனார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ!"

"என்ரை குதிரை! நான் இதிலை ஏறி இருந்தனான்!"

"சிவ சிவா!" என்று அவர் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார்.

டேனியல் ட்ரூடியின் தோளில் கை வைத்தான். "அன்ரி, இது ஒரு தெய்வம். சூலம். மூன்று முனை இருக்கிற எதைப் பார்த்தாலும் உங்களுக்கு இனிக் குதிரைதான். போதும். வாருங்கள், ரயிலுக்குப் போகலாம்." அந்தக் குரலில் கேலி இல்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. ட்ரூடியின் தோள் அவன் கைக்குக் கீழே சரிந்தது. ஒரு வீடு கையை விட்டுப் போகிறதை றஜிந்தன் கண்ணால் கண்டான்.

அவன் வினோஜாவைப் பார்த்தான். முதல்முறையாக அவளும் தடுமாறினாள். ஒரு மனிதரிடம் போய், 'ஐயா, நீங்கள் கும்பிடுகிறது கடைவாய்ப் பல்' என்று எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டு இந்த ஊரை விட்டு முழு உடம்போடு எப்படிப் போவது? துணியையும் சந்தனத்தையும் எடுக்காமல் டேனியலை நம்பவைக்கவும் முடியாது.

"ஐயா," என்று தொடங்கினாள். "கோவிக்கக் கூடாது. இந்தக் கல்லு..."

"பொறுங்கோ பிள்ளை," என்றார் கனகரத்தினம். அவர் பார்வை ட்ரூடியில் இருந்தது. குரல் திடீரென்று தணிந்துவிட்டது. "அம்மா, நீங்கள் உதிலை ஏறினது எண்டியள். எப்ப எப்ப ஏறுவியள்?"

ட்ரூடி மூக்கை உறிஞ்சினார். "காக்கிச் சட்டை மாமா வந்தால். பப்பா தூக்கி வைப்பார். 'ஆடு, சிரி, ஆடு' எண்டுவார்."

கனகரத்தினத்தின் கையிலிருந்த நார் நழுவியது. வடைகள் செம்மண்ணில் உருண்டோடின. அவர் அதைக் கவனிக்கவில்லை. நடந்து போய்ப் படலையைச் சாத்திவிட்டு வந்தார். கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

"வந்திட்டியளோ?" என்றார். "எங்கடை ஐயா சாகுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்."

றஜிந்தன் பஞ்சை விழுங்கப் பார்த்தான்.

கனகரத்தினத்தின் தகப்பன் சீவரத்தினம், பக்கத்து வளவில் புகையிலை செய்தவர். டொக்குத்தர் எமில் உரும்பிராயில் பிடுங்கிய முதல் பல் அவருடையதுதான். அன்றிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதம். பல் செதுக்குவதற்கு முருகைக்கல்லை, அந்தப் பவளப்பாறைக் கல்லை, உருட்டிக்கொண்டு வந்து கொடுத்ததும் அவர்தான்.

"போகேக்கை டொக்குத்தர் எங்கடை ஐயாவிட்டைச் சொன்னவராம்," என்றார் கனகரத்தினம். "'எங்கடை ஊரிலை நான் விட்டிட்டு வந்ததெல்லாத்தையும் ஒரே ராத்திரியிலை உடைச்சுப்போட்டாங்கள். இதையெண்டாலும் ஒருத்தரும் உடைக்காமல் பாருங்கோ' எண்டு. அவை போய்க் கொஞ்ச நாளிலை வளவுக்காரர் ஆக்கள் அலவாங்கோடை வந்தினம், இந்தக் கல்லைச் சுண்ணாம்புச் சூளைக்கு உடைக்க. வந்து பார்த்தால் கல்லுக்குச் சிவப்புத் துணி, பொட்டு, தேங்காய் உடைச்சுக் கிடக்கு. ஐயா பக்கத்திலை நிண்டு தேவாரம் பாடுறார். வைரவரிலை ஆர் அலவாங்கு போடுவினம்? கும்பிட்டிட்டுப் போட்டினம். சண்டை நேரம் ஷெல் விழுந்து என்ரை வீடு போச்சுது. உவர் அசையேல்லை."

"அப்ப உது..." என்று இழுத்தாள் வினோஜா.

"தொடக்கத்திலை ஐயாவின்ரை சூழ்ச்சிதான் பிள்ளை. ஆனால் கும்பிட வந்த சனம் மெய்யாய்க் கும்பிட்டுது. மெய்யாய்க் கும்பிட்டால் வைரவர் வராமல் விடுவாரோ? வந்திட்டார். ஐயா எனக்குச் சொன்னது ஒண்டுதான். 'ஆரும் வந்து என்ரை எண்டால் சும்மா குடுத்திடாதை. காக்கிச் சட்டைக் கதையைக் கேள். அது தெரிஞ்ச ஆளுக்குத்தான் உரிமை.' பல்லுக்கொதியோடை வாற ஒவ்வொருத்தரையும் பார்த்து, உவரோ உவரோ எண்டு பயந்துகொண்டிருந்தனான்."

அவர் கும்பிட்டார். மாலையைக் கழற்றினார். பட்டை அவிழ்த்து, செம்பில் தண்ணீர் எடுத்துச் சந்தனத்தைக் கழுவினார். வெள்ளை முருகைக்கல் வெளியே வந்தது. சற்றே விரிந்த மூன்று வேர்கள். வினோஜா ஆங்கிலத்தில் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்த டேனியல் முழங்காலில் இருந்து அடியிலிருந்த செம்மண்ணைக் கையால் விலக்கினான். பல்லின் அகன்ற முகமும் அதன் மேடுகளும் தெரிந்தன. தன்னுடைய கடைவாயை நாக்கால் தடவிப் பார்த்தான்.

ட்ரூடி கேட்டுவிட்டுத்தான் தொட்டார். அவருடைய வலது கை யோசிக்காமல் நடு வேரின் பின்பக்கம் போய் ஓர் இடத்தில் பொருந்திக்கொண்டது. "அந்த இடம் மட்டும் வழுவழுப்பு," என்றார் கனகரத்தினம். "அபிஷேகம் செய்யேக்கை கை வழுக்கும். ஏனெண்டு எனக்கு இண்டைக்குத்தான் விளங்குது."

பிறகு அவர் தயங்கித் தயங்கி, அவ்வளவு காலமும் பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார். "கொண்டு போகப் போறியளோ அம்மா?"

ட்ரூடியின் ஆறு வயதுத் தமிழ் அதற்குப் போதவில்லை. ஆங்கிலத்துக்கு மாறினார். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார் என்று றஜிந்தன் நினைத்தான்.

"வியன்னாவில் எங்கள் வீட்டுக் கதவின் கைப்பிடிகூட மிஞ்சவில்லை. எங்களுடையதை வைத்திருந்த ஒருவரும் திருப்பித் தரவில்லை. இனி யாரிடமும் எதையும் 'பார்த்துக்கொள்' என்று கேட்கக் கூடாது என்றுதான் பப்பா வாயை மூடிக்கொண்டார் என்று நினைத்திருந்தேன். அவர் கேட்டிருக்கிறார். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்." உடனே தமிழுக்குத் திரும்பிச் சத்தமாகச் சொன்னார். "கொண்டு போகமாட்டன்! இஞ்சையே வைச்சிரு!"

கனகரத்தினம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வினோஜா மரத்தின் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்தாள். தூசு என்று சொல்வாள். றஜிந்தன் ஒருநாளும் நம்பமாட்டான்.

டேனியல் எழும்பவில்லை. கையெல்லாம் செம்மண்.

"வீட்டை விற்கிற கதையை இனி நான் எடுக்கமாட்டேன், அன்ரி," என்றான். பிறகு நிமிர்ந்தான். "வேறு என்னென்ன சொன்னீர்கள், நான் நம்பாமல் விட்டது?"

ட்ரூடி யோசித்தார். "நிறைய."

"ஒன்று சொல்லுங்கள்."

"மெல்பேர்ணுக்குப் போன கப்பலில் கப்டனின் கட்டிலில் ஒரு கரடி படுத்திருந்தது."

டேனியல் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை, சட்டைப் பைக்குள் வைத்தான். வெள்ளைக் காற்சட்டையோடு செம்மண்ணில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"கரடிக்கு என்ன பெயர்?" என்று கேட்டான்.